மின்கற்றல் ஆய்வும் ஃபார்மல் சிஸ்டம் டிசைனும்: தீசிஸ் எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உயர்கல்வியில் மின்கற்றலைத் தலைப்பாக எடுப்பவர்கள் இரண்டு பக்கத்திலிருந்து வருகிறார்கள். கல்வியியல்காரர்கள் கேள்வித்தாளோடும் புள்ளியியலோடும் வருவார்கள். கணினி அறிவியல்காரர்கள் மென்பொருளோடு வருவார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பது குறைவு. எம்.சி.ஏ., எம்.டெக்., பிஎச்.டி. மாணவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆன்லைன் கல்வி என்பதே கொரோனாவுக்குப் பிறகு வந்ததுதானே? லிட்டரேச்சர் ரிவியூவை 2020-லிருந்து தொடங்கலாமா?

வேண்டாம். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் ‘பிளாட்டோ’ என்ற கணினிவழிப் பாட அமைப்பைத் தொடங்கியது 1960-ல். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-ல் நிறுவப்பட்டது. மூடுல் என்ற பாட மேலாண்மை மென்பொருளின் முதல் பதிப்பு 2002-ல் வந்தது. அதை எழுதிய மார்ட்டின் டூஜியாமஸ் அப்போது ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் இருந்தார். இதையெல்லாம் விட்டுவிட்டு ஊரடங்கில் ஜூமில் நடந்த வகுப்புகளை மட்டும் பார்த்து ‘மின்கற்றல் பயனளிக்கவில்லை’ என்று எழுதினால் தேர்வாளர் அங்கேயே பிடித்துவிடுவார். அவசரத்துக்கு இணையத்துக்கு மாற்றிய வகுப்பு வேறு, முதலிலேயே இணையத்துக்காகத் திட்டமிட்ட பாடம் வேறு என்று 2020 மார்ச்சிலேயே எழுதிவிட்டார்கள்.

‘ஃபார்மல்’ டிசைன் என்றால் என்ன? மென்பொருள் வடிவமைப்பைக் காட்ட நாங்கள் வரைகிற யு.எம்.எல். படம் ஃபார்மல் இல்லையா?

பெரும்பாலும் இல்லை. கட்டம் போட்டு அம்புக்குறி வரைந்து, பக்கத்தில் ‘தகுதியுள்ள மாணவர் தேர்வெழுதலாம்’ என்று எழுதிவிடுகிறோம். யாருக்குத் தகுதி? வருகைப்பதிவு 75 விழுக்காட்டைத் தொட்டால் போதுமா, தாண்ட வேண்டுமா? கட்டணம் கட்டாதவரின் வருகைப்பதிவைப் பார்க்கவே வேண்டுமா? இவற்றுக்குப் படத்தில் பதில் இருக்காது. கோட் எழுதுபவர் ஏதோ ஒன்றை நினைத்துக்கொண்டு எழுதிவிடுவார், அதுவே பல்கலைக்கழகத்தின் விதியாகிவிடும்.

ஃபார்மல் டிசைன் என்பது அந்த விதிகளைக் கணங்கள், தர்க்கம், நிலைமாற்றங்கள் ஆகியவற்றால் எழுதுவது. அப்படி எழுதினால் ‘இந்த அமைப்பில் இப்படி ஒரு நிலை வரவே வராது’ என்பதை நிரூபிக்கலாம், அல்லது கருவியை விட்டுத் தேடச் சொல்லலாம். பாரிஸ் மெட்ரோவின் 14-ஆம் தடத்தில் ஓட்டுநர் இல்லாமல் ரயில் ஓடுகிறது. 1998-ல் திறந்த அந்தத் தடத்தின் பாதுகாப்பு மென்பொருளை ‘பி’ என்ற ஃபார்மல் முறையில் எழுதினார்கள். எல்.எம்.எஸ். (மூடுல் மாதிரியான பாட மேலாண்மை மென்பொருள்) தவறினால் யாரும் சாகப்போவதில்லை, உண்மைதான். ஆனால் ஒரு மாணவருக்கு ஒரு வருடம் போகலாம்.

கையில் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு உதாரணம் கொடுங்கள்.

என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டத்தின் சான்றிதழ் விதியையே எடுத்துக்கொள்வோம். சென்னை ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்கும் திட்டம் என்பதால் நம்மில் பலருக்குப் பழக்கமானது. 12 வாரப் பாடத்தில் 12 அசைன்மெண்ட். அவற்றில் சிறந்த 8-இன் சராசரியில் 25 விழுக்காடு. நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடு. சான்றிதழ் வேண்டுமென்றால் அசைன்மெண்டில் 25-க்குக் குறைந்தது 10 வேண்டும், தேர்வில் 75-க்குக் குறைந்தது 30 வேண்டும். இரண்டும் வேண்டும்.

ஒருவர் அசைன்மெண்ட் சராசரி 36, தேர்வில் 92. அதாவது 9-உம் 69-உம், கூட்டினால் 78. சான்றிதழ் கிடையாது. இன்னொருவர் இரண்டிலும் 40. அதாவது 10-உம் 30-உம், கூட்டினால் 40. அவருக்கு உண்டு. ‘கூடுதல் மொத்தம் வாங்கியவர் குறைந்த மொத்தம் வாங்கியவரிடம் தோற்கக் கூடாது’ என்று நாம் இயல்பாக நினைக்கும் பண்பு இந்த விதியில் இல்லை. அது பிழையும் இல்லை. வாரா வாரம் படிக்க வைக்க வேண்டும் என்று தெரிந்தே வைத்த விதி. இப்படி எழுதிப் பார்க்கும்போதுதான் ‘தெரிந்தே வைத்தது எது, தெரியாமல் வந்தது எது’ என்ற கேள்வி எழும்.

இப்போது இதே மாதிரி விதியை உங்கள் கல்லூரி எல்.எம்.எஸ்.ஸில் நீங்கள் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். ஒருவர் 6 அசைன்மெண்ட்தான் கொடுத்திருக்கிறார், ஒவ்வொன்றிலும் 80. ‘சிறந்த 8-இன் சராசரி’ என்ன? ஒரு புரோகிராமர் ‘கொடுத்தவற்றின் சராசரி’ என்று எடுத்து 80 போடுவார். இன்னொருவர் மீதி இரண்டுக்குப் பூஜ்யம் வைத்து 60 போடுவார். முதல் வழியில் அந்த மாணவர் ஏழாவது அசைன்மெண்டைக் கொடுத்து 10 மதிப்பெண் வாங்கினால் சராசரி 80-லிருந்து 70-க்கு இறங்கும். வேலை செய்ததற்குத் தண்டனை! இரண்டாவது வழியில் 60 என்பது 61.25 ஆகும். ‘கூடுதலாக ஒன்றைச் சமர்ப்பித்தால் மதிப்பெண் ஒருபோதும் குறையக் கூடாது’ என்ற ஒரு வரியைப் பண்பாக எழுதி வைத்திருந்தால் முதல் வழி அங்கேயே அடிபட்டிருக்கும். ரவுண்டிங்கும் இப்படித்தான். 9.9-ஐத் திரையில் 10 என்று காட்டிவிட்டு உள்ளே 9.9-ஐ வைத்துத் தகுதி இல்லை என்றால், அந்த மாணவர் உங்கள் அலுவலக வாசலில் நிற்பார்.

எந்தக் கருவியைக் கற்றுக்கொள்ள வேண்டும்? இசட், அலாய், டி.எல்.ஏ. பிளஸ், பெட்ரி நெட் என்று நிறையப் பெயர்கள் இருக்கின்றனவே?

பிரச்சினையைப் பார்த்து எடுங்கள். கருவியைப் பிடித்துக்கொண்டு பிரச்சினையைத் தேடாதீர்கள்.

யார் எந்தப் பாடத்தில் சேரலாம், எதற்கு எது முன்பாடம், ஆசிரியருக்கும் மாணவருக்கும் என்ன அனுமதி என்பது போன்ற உறவுகளுக்கு அலாய் வசதி. எம்.ஐ.டி.யில் டேனியல் ஜாக்சன் குழு உருவாக்கியது. நான்கைந்து மாணவர்கள், இரண்டு மூன்று பாடங்கள் கொண்ட சிறிய உலகத்தில் எல்லாச் சேர்க்கைகளையும் துழாவி எதிர்மாதிரியை, அதாவது விதியை மீறும் ஒரு நிலையைக் காட்டும். பெரும்பாலான ஓட்டைகள் அந்தச் சிறிய உலகத்திலேயே தெரிந்துவிடும்.

ஒரே நேரத்தில் பல விஷயங்கள் நடக்கும் இடத்துக்கு லெஸ்லி லாம்போர்ட்டின் டி.எல்.ஏ. பிளஸ். ஆன்லைன் தேர்வின் கடைசி நிமிடம் இதற்கு அருமையான உதாரணம். மாணவர் இரண்டு டேபில் தேர்வைத் திறந்திருக்கிறார், நெட் விட்டு விட்டு வருகிறது, தானாகச் சேமிப்பது ஒரு பக்கம் ஓடுகிறது, நேரம் முடிந்ததும் தானாகச் சமர்ப்பிப்பது இன்னொரு பக்கம். பழைய டேபின் விடை புதிய விடையை அழித்துவிடுமா? இதைக் கையால் சோதித்துக் கண்டுபிடிப்பது குதிரைக்கொம்பு. அமேசான் வெப் சர்வீசஸ் பொறியாளர்கள் 2015-ல் எழுதிய கட்டுரையில், டைனமோடிபி என்ற தரவுத்தளத்தின் வடிவமைப்பில் இருந்த ஒரு பிழை வெளிப்படவே குறைந்தது 35 படிகள் வரிசையாக நடக்க வேண்டியிருந்தது என்கிறார்கள். எந்த டெஸ்டர் அந்த வரிசையை யோசித்து எழுதுவார்?

ஆய்வேடு சமர்ப்பிப்பு, மறுமதிப்பீடு மாதிரி ஃபைல் மேசை மேசையாக நகரும் வேலைகளுக்கு, நிலைகளை வட்டமாகவும் மாற்றங்களைக் கட்டமாகவும் வரையும் பெட்ரி நெட் போதும்.

சரி, என் அமைப்பு சரியென்று நிரூபித்துவிட்டேன். மாணவர்கள் நன்றாகக் கற்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளலாமா?

எழுதவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். நிரூபணம் சொல்வது, ‘நாம் எழுதி வைத்த விதிப்படி அமைப்பு நடக்கும்’ என்பதை மட்டுமே. அந்த விதி கற்றலுக்கு உதவுகிறதா என்பதற்கு மாணவர்களிடம் போய்த் தரவு எடுத்தாக வேண்டும். வினாடி வினாவில் தேறாதவருக்கு அடுத்த பாடம் ஒருபோதும் திறக்காது என்று தர்க்கப்படி நிரூபிக்கலாம். அப்படிப் பூட்டி வைப்பது நல்லதா, வெறுத்துப்போய் அவர் பாடத்தையே விட்டுவிடுவாரா என்பது தர்க்கத்தில் வராது. பல தீசிஸ்கள் மூன்றாம் அத்தியாயத்தில் ஒன்றை நிரூபித்துவிட்டு ஆறாம் அத்தியாயத்தில் வேறொன்றை முடிவாக எழுதுவது இங்கேதான்.

ஆன்லைனில் படிப்பது வகுப்பறையைவிட மேலா, மட்டமா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்கக் கல்வித் துறை முதலில் 2009-ல் வெளியிட்டு 2010-ல் திருத்திய, பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்த தொகுப்பாய்வைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். இணையவழியில் படித்தவர்கள் சராசரியாகக் கொஞ்சம் மேலே இருந்தார்கள், விளைவளவு (இரு குழுக்களின் சராசரி வித்தியாசத்தை மதிப்பெண் பரவலோடு ஒப்பிடும் எண்) 0.20 என்று வந்தது. இதோடு நிறுத்திவிடுகிறார்கள்; அதைப் பிரித்துப் பார்த்தால் கதை மாறும். வகுப்பும் இணையமும் கலந்த முறைக்கு 0.35. முழுக்க இணையம் மட்டும் என்றால் 0.05, அதாவது வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். கலப்பு முறையில் படித்தவர்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன, ஆகவே இதை ஊடகத்தின் பெருமையாக எடுக்கக் கூடாது என்று அந்த அறிக்கையே எச்சரிக்கிறது. ஊடகம் கற்றலை மாற்றுவதில்லை, கற்பிக்கும் முறைதான் மாற்றுகிறது என்று ரிச்சர்ட் கிளார்க் 1983-லேயே கிளப்பிய சண்டைதான் இது. பத்து வருடம் கழித்தும் ராபர்ட் கோஸ்மா அவரோடு மல்லுக்கு நின்றார்.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் லாபநோக்கில் நடக்கும் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் பதிவுகளை வைத்து பெட்டிங்கர் குழு 2017-ல் வெளியிட்ட ஆய்வில், அதே பாடத்தை ஆன்லைனில் எடுத்தவர்களின் மதிப்பெண் இறங்கியிருந்தது. ஏற்கெனவே பின்தங்கியிருந்தவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். சராசரியை மட்டும் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். நம் ஊரிலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறையப் படிக்கும் கல்லூரிகளில் இந்தக் கேள்வியைத் தனியாக ஆராய இடமிருக்கிறது.

மூக் எனப்படும், யாரும் சேரக்கூடிய திறந்த இணையப் பாடங்களைப் பத்தில் ஒருவர்கூட முடிப்பதில்லையாமே? அப்படியானால் தோல்விதானே?

எண்ணிக்கை கிட்டத்தட்ட சரி. ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் 2011-ல் சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள், முடித்தவர்கள் 20,000 சொச்சம். பிற்பாடு வந்த பாடங்களில் முடிப்பவர்கள் பெரும்பாலும் 10 விழுக்காட்டுக்குக் கீழேதான். ஆனால் பதிவு செய்ததெல்லாம் முடிக்கவேண்டும் என்ற எண்ணத்தோடா? கிசில்செக் குழு 2013-ல் மாணவர்களை நான்கு வகையாகப் பிரித்தது: முடிப்பவர்கள், தேர்வெழுதாமல் வீடியோ மட்டும் பார்ப்பவர்கள், நடுவில் விலகுபவர்கள், எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். டிசைன் செய்பவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. உங்கள் டேட்டாபேஸில் ‘முடித்தார்’, ‘முடிக்கவில்லை’ என்று இரண்டே நிலை வைத்தால் இந்த நான்கு வகை மனிதர்களும் அதில் மறைந்துவிடுவார்கள்.

மின்கற்றல் மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான தரநிர்ணயங்களான ஸ்கார்ம், எக்ஸ்ஏபிஐ, எல்.டி.ஐ. எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா?

ஒரு தரநிர்ணயத்தையாவது ஊன்றிப் படியுங்கள். ஸ்கார்ம் பழசாகிவிட்டது என்பார்கள், ஆனாலும் படிக்கத் தகுந்த பழசு. 2001-ல் வந்த 1.2 பதிப்பில் மாணவரின் நிலையைக் குறிக்க ஒரே ஒரு புலம் (ஃபீல்டு). அதற்கு ஆறு மதிப்புகள்: தேறினார், தோற்றார், முடித்தார், முடிக்கவில்லை, புரட்டிப் பார்த்தார், தொடவே இல்லை. கவனித்துப் பாருங்கள், இதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. பாடத்தைக் கடைசி வரை பார்த்தாரா என்பது ஒன்று. தேர்வில் தேறினாரா என்பது இன்னொன்று. கடைசி வரை பார்த்துவிட்டுத் தேர்வில் தோற்றவரை எதில் போடுவது? ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகப் போட்டது. 2004 பதிப்பில் முடித்ததற்கு ஒரு புலம், தேறியதற்கு ஒரு புலம் என்று பிரித்துவிட்டார்கள். ஒரு பக்கத் தர்க்க விவரிப்பு முதலிலேயே இருந்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது என்பது என் கட்சி.

அதே 1.2-இல் பாடம் பாதியில் நின்ற இடத்தைச் சேமித்து வைக்கும் இடத்துக்கு 4,096 எழுத்து வரம்பு. நீளமான பாடத்தில் ‘விட்ட இடத்திலிருந்து தொடர்’ வேலை செய்யாமல் போனதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

2004 பதிப்பு எதிர்த்திசையில் போய் விழுந்தது. எந்தப் பாடத்துக்குப் பிறகு எது என்ற வரிசை விதிகளை அவ்வளவு விரிவாக எழுதினார்கள். செயல்படுத்துபவர்கள் திணறிப்போய், பலர் 1.2-இலேயே தங்கிவிட்டார்கள். ஃபார்மலாக எழுதியது அத்தனையும் பயன்பாட்டுக்கு வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த வரலாற்றைப் படிக்கட்டும்.

மாணவரின் அறிவையே ஃபார்மலாக எழுத முடியுமா?

முடியும். 1985-லேயே செய்திருக்கிறார்கள். டுவானியோ, ஃபல்மாஞ் இருவரும் உருவாக்கிய அறிவுவெளிக் கோட்பாடுதான் அது. தரவுத்தளத்தில் தேட உதவும் எஸ்.க்யூ.எல். மொழிப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: செலக்ட், வேர், ஜாயின், குரூப் பை என்று நான்கு தலைப்புகள். எது தெரியும், எது தெரியாது என்று பார்த்தால் 16 சேர்க்கைகள். ஆனால் செலக்ட் தெரியாமல் மற்ற மூன்றும் வராது. அப்படியானால் ஒன்றுமே தெரியாத நிலை ஒன்று, செலக்ட் தெரிந்து, மற்ற மூன்றும் தெரிந்தோ தெரியாமலோ இருக்கும் நிலைகள் எட்டு. மொத்தம் 9 நிலைகளே சாத்தியம். தலைப்புகள் நூற்றுக்கணக்கில் போகும்போது இந்தச் சுருக்கம் பெரிய லாபம். அலெக்ஸ் என்ற மென்பொருள் இந்தக் கோட்பாட்டில்தான் ஓடுகிறது. கல்லூரிக் கணிதத்தில் மாணவர் எங்கே நிற்கிறார் என்பதை அதன் சேர்க்கைத் தேர்வு 30 கேள்விக்குள் கணித்துவிடும்.

நிகழ்தகவு வழி வேண்டுமென்றால் கார்பெட், ஆண்டர்சன் இருவரின் பேயீசிய அறிவுத்தடம். நான்கே அளவுகள்: முன்பே தெரிந்திருக்க வாய்ப்பு, கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லும் வாய்ப்பு, தெரிந்தும் தவறவிடும் வாய்ப்பு. 2015-க்குப் பிறகு நியூரல் நெட்வொர்க் வைத்துச் செய்வதும் வந்துவிட்டது. முதல் வேலைக்கு நான்கு அளவுள்ள மாடலையே எடுங்கள், வைவாவில் விளக்க முடியும்.

கூகுள் ஃபார்மில் 200 மாணவர்களிடம் கருத்து கேட்டிருக்கிறேன். தொழில்நுட்பத்தை மக்கள் ஏற்பதை விளக்கும் டாம் மாடல் போட்டால் போதுமா?

ஃப்ரெட் டேவிஸ் 1989-ல் கொடுத்த மாடல் அது. பயனுள்ளதாகத் தோன்றுகிறதா, சுலபமாகத் தோன்றுகிறதா என்று கேட்டு, பயன்படுத்தும் எண்ணம் உண்டா என்று கணிப்பது. அலுவலகத்தில் விரும்பினால் பயன்படுத்தலாம் என்ற மென்பொருளுக்குப் பொருந்தும். உங்கள் கல்லூரியிலோ இன்டர்னல் மார்க்கே எல்.எம்.எஸ்.ஸில்தான் போடுகிறார்கள். ‘பயன்படுத்தும் எண்ணம் உண்டா’ என்று கேட்டால் மாணவர் என்ன சொல்வார்? இந்த மாதிரித் தாள்கள் ஏற்கெனவே மலைபோல் குவிந்து கிடக்கின்றன. உங்களுடையதும் அதில் ஒன்றாக வேண்டாம்.

எல்.எம்.எஸ்.ஸில் தானாகப் பதிவாகும் லாக் டேட்டா வைத்து ‘யார் தோற்பார்கள்’ என்று கணிக்கலாம் என்று கைடு சொல்கிறார். நல்ல தலைப்பா?

நல்ல தலைப்புதான், வழுக்கும் தலைப்பும்கூட. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் ‘கோர்ஸ் சிக்னல்ஸ்’ என்ற அமைப்பை வைத்து, மாணவர்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்கு காட்டியது. இந்த அமைப்புள்ள பாடங்களை இரண்டோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் படிப்பைத் தொடர்வது 21 விழுக்காடு மேல் என்று செய்தி பரவியது. 2013-ல் மைக் கால்ஃபீல்டு ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். முதல் வருடமே படிப்பை விட்டவருக்கு இரண்டாவது சிக்னல்ஸ் பாடம் எடுக்க வாய்ப்பே இல்லையே? நிறையப் பாடம் எடுத்ததால் தொடர்ந்தார்களா, தொடர்ந்ததால் நிறையப் பாடம் எடுத்தார்களா? ஆல்ஃபிரட் எஸ்ஸா அதைக் கணினியில் போலச்செய்து பார்த்தார். சிக்னல்ஸுக்குப் பதில் மாணவர்களுக்குச் சும்மா சாக்லேட் கொடுத்ததாக வைத்தாலும் அதே மாதிரி ‘பலன்’ வந்தது. உங்கள் தரவிலும் முதலில் இந்தச் சாக்லேட் சோதனையைச் செய்துவிடுங்கள்.

தரவுக்கு எங்கே போவது? எங்கள் கல்லூரி தர மறுக்கிறது.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2017-ல் வெளியிட்ட தரவுத்தொகுப்பு இலவசம். 32,593 மாணவர்கள், ஒரு கோடிக்கு மேற்பட்ட கிளிக் பதிவு வரிகள், பெயர் அடையாளமெல்லாம் நீக்கியது. முறையைப் பழகிக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அங்கே தெரிந்ததை அப்படியே விருதுநகருக்கோ வவுனியாவுக்கோ பொருத்திவிடாதீர்கள். 2020-ல் இலங்கையில் ‘லேர்ன்’ கல்வி வலையமைப்பு, டேட்டா கட்டணம் இல்லாமல் பல்கலைக்கழக மாணவர்கள் ஜூமில் சேர வழி செய்தது. அந்த மாதிரி ஒரு ஏற்பாடு இருப்பதும் இல்லாததும் கிளிக் எண்ணிக்கையையே மாற்றிவிடும். யார் குறைவாகக் கிளிக் செய்தார் என்பதில் பாதி, யாருடைய டேட்டா தீர்ந்தது என்பதாக இருக்கலாம்.

‘இது வெறும் சாஃப்ட்வேர்தானே, ஆராய்ச்சி எங்கே?’ என்று கமிட்டியில் கேட்கிறார்கள்.

ஹெவ்னர், மார்ச், பார்க், ராம் ஆகியோர் 2004-ல் எழுதிய டிசைன் சயன்ஸ் கட்டுரையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை உருவாக்கி மதிப்பிடுவதும் ஆராய்ச்சியே என்று முறையாக வாதிட்டது அது. ஆனால் ‘மதிப்பிடுவது’ என்ற பாதியை விட்டுவிட்டால் கமிட்டி கேட்பதில் நியாயம் இருக்கிறது. உங்கள் விவரிப்பில் கருவி கண்டுபிடித்த எதிர்மாதிரிகளைப் பட்டியல் போடுங்கள். அவற்றில் எவை உங்கள் பல்கலைக்கழகத்தின் நடப்பு விதியிலேயே இருக்கும் ஓட்டைகள் என்று காட்டுங்கள். ஸ்வயம் என்ற அரசின் இணையப் பாடத் தளம் வழியாக ஒரு செமஸ்டரில் 40 விழுக்காடு பாடங்கள் வரை எடுக்கலாம் என்று யு.ஜி.சி. 2021-ல் அனுமதித்த பிறகு, கிரெடிட் மாற்ற விதிகள் எங்கெங்கே இடிக்கின்றன என்பதே ஒரு முழுத் தீசிஸுக்குத் தாங்கும்.

புதிதாக ஒரு எல்.எம்.எஸ். கட்டலாமா?

கூடாது. மூடுலுக்கு ஒரு பிளகின் எழுதுங்கள்.

தமிழில் விடையெழுதும் கேள்விகளைத் தானாகத் திருத்தும் அமைப்பு செய்ய ஆசை. எங்கே இடறும்?

முதல் படியிலேயே இடறும். ‘கொ’ என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, எழுத்துச்சரம் வேறு. இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் சரியான விடைக்குப் பூஜ்யம் விழும். இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கும் யுனிகோடு இயல்பாக்கத்தில் இது தீர்ந்துவிடும். தீராதது ஔகாரம். ‘பௌதிகம்’ என்பதை முறையான ஔகாரக் குறியோடு எழுதுபவர்களும் உண்டு, ஒற்றைக் கொம்புக்கும் பகரத்துக்கும் பின்னால் ‘ள’ என்ற எழுத்தையே தட்டுபவர்களும் உண்டு. கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும், ஆனால் யுனிகோடு அவற்றைச் சமம் என்று ஏற்காது. பௌதிகவியல் என்றே பாடத்துக்குப் பெயர் வைத்திருக்கும் இலங்கையில் இந்த ஒரு எழுத்தே எத்தனை விடைகளைக் கெடுக்கும் என்று பாருங்கள். கண்மூடித்தனமாக எல்லா ‘ள’வையும் மாற்றவும் முடியாது, ‘வெள்ளம்’ கெட்டுப்போகும். ஆகவே ‘இந்த இரண்டு விடைகளும் சமம்’ என்பதற்கு உங்கள் அமைப்பில் என்ன வரையறை என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதிய வரையறையை, மாணவர்கள் போனில் தட்டிய நிஜ விடைகளை வைத்துச் சோதியுங்கள். நீங்கள் உங்கள் கீபோர்டில் தட்டிய மாதிரி விடைகளில் இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது.